கறுப்புத் திரை வந்ததும் ஃபார்மட் செய்ய வேண்டாம்

தமிழக அரசு 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தால்தான் நம்மில் பல வீடுகளுக்கு முதல் கணினி வந்தது. அந்த லேப்டாப்களில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது. டெபியனை அடிப்படையாக வைத்து நம் சென்னை சி-டாக் நிறுவனம் தயாரித்தது அது. அதைத் திறந்தே பார்க்காத பிள்ளைகள் பலர். இப்போது கல்லூரிப் பாடத்துக்காக லினக்ஸ் பழகுகிறவர்கள் பெருகியிருப்பதால் இதை எழுதுகிறோம்.

அதிகம் நடக்கும் தவறு, விண்டோஸுக்குள் இருந்துகொண்டே லினக்ஸ் இருக்கும் பார்ட்டிஷனை அழிப்பது. இடம் போதவில்லை என்று செய்கிறார்கள். இரண்டு சிஸ்டம் உள்ள லேப்டாப்பில் எதைத் திறப்பது என்று கேட்கும் கிரப் என்ற சிறு நிரலின் கோப்புகள் பெரும்பாலும் அந்தப் பகுதியில்தான் இருக்கும். அது போனதும், அடுத்த முறை கறுப்புத் திரையில் 'கிரப் ரெஸ்க்யூ' என்று வந்து நிற்கும். கணினியே செத்துவிட்டது என்று கடைக்குக் கொண்டுபோகிறோம். அங்கே மொத்தமாக ஃபார்மட் செய்துவிடுகிறார்கள். உண்மையில் விண்டோஸ் பகுதியில் உள்ள கோப்புகள் அப்படியேதான் இருந்திருக்கும். ஸ்காலர்ஷிப்புக்கு ஸ்கேன் செய்த சான்றிதழ்களும், வளைகுடாவில் இருக்கும் தகப்பனார் அனுப்பிய படங்களும் ஃபார்மட்டில்தான் போகின்றன.

அடுத்தது 'சூடோ'. இந்தச் சொல்லைச் சேர்த்துக் கொடுக்கும் கட்டளைக்குக் கணினியின் முழு அதிகாரமும் கிடைக்கிறது. 'அனுமதி இல்லை' என்று வந்தால் பிள்ளைகள் யோசிக்காமல் சூடோ போட்டு, எல்லாக் கோப்புறைகளுக்கும் 777 என்று அனுமதியைத் திறந்துவிடுகிறார்கள். அதன் பிறகு சூடோவே வேலை செய்ய மறுக்கும்! 'ஆர்எம்' கட்டளையால் அழித்த கோப்பு குப்பைத் தொட்டிக்கும் போகாது.

மென்பொருள் நிறுவும்போது 'நீக்கப்படும்' என்று வரும் பட்டியலை அவசியம் படிக்க வேண்டும். 2021-இல் கனடாவின் பிரபல யூடியூபர் லைனஸ் செபாஸ்டியன், பாப் ஓஎஸ் லினக்ஸில் ஸ்டீம் என்ற விளையாட்டு மென்பொருளை நிறுவப் போய், எச்சரிக்கையைத் தாண்டி ஒப்புதல் கொடுத்தார். டெஸ்க்டாப்பே நீங்கிவிட்டது. அந்த ஸ்டீம் பொதியிலும் பிழை இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அனுபவசாலிக்கே அந்தக் கதி.

கெட்டுவிட்டால், லினக்ஸ் ஏற்றிய பென்டிரைவிலிருந்து கணினியைத் திறந்து, முதலில் கோப்புகளை வேறு டிரைவில் நகலெடுங்கள். மற்ற வேலை அதற்குப் பிறகு. கடையில் கொடுப்பதானால், 'கோப்புகளை எடுத்துத் தராமல் ஃபார்மட் செய்யக் கூடாது' என்று ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.