துண்டு (உழவர் உடை)

தமிழகக் கிராமங்களில் உடலுழைப்பில் ஈடுபடும் ஆண்கள் வேட்டி அல்லது கைலியுடன் சேர்த்து வைத்துக்கொள்ளும் பருத்தித் துணியே துண்டு ஆகும். தலையில் சுற்றினால் இது முண்டாசு எனவும் தலைப்பாகை எனவும் அழைக்கப்படும். கொங்கு வட்டாரத்தில் தலையில் கட்டும் துணிக்கு உருமால் என்ற பெயரும் உண்டு.

சென்ற தலைமுறை வரை வயல் வேலைக்கான உடை கோவணமே. அரைஞாண் கயிற்றில் முன்னும் பின்னும் செருகப்படும் இத்துணி, ஏரின் பின்னே நடப்பவருக்கும் ஏற்றம் இறைப்பவருக்கும் காலைத் தடுக்காது. சேற்றில் நனைந்து கனக்காது. வேட்டியை வரப்பில் கழற்றி வைத்துவிட்டு இறங்குவார்கள். இதை வெறும் வறுமையின் அடையாளம் என்று எழுதிவிடுவது அவ்வளவு சரியன்று. ஆயினும் மாற்று வேட்டி இல்லாத வீடுகள் பல இருந்தன என்பதும் உண்மை. 1921 செப்டம்பர் 22 அன்று மதுரையில் காந்தியடிகள் அரையாடைக்கு மாறியதற்கு ஏழை மக்களின் இந்நிலையே காரணமாகும்.

துண்டின் பயன்கள் பல. வெயிலுக்கு முண்டாசு, வியர்வை துடைக்க, குளித்தபின் துவட்ட, மரத்தடியில் விரித்துப் படுக்க அதுவே. நெல் மூட்டை, விறகுக்கட்டு சுமக்கும்போது வளையமாகச் சுருட்டித் தலையில் வைத்தால் அது சும்மாடு. மாட்டுச் சந்தையில் தரகர் துண்டால் கையை மூடி, விரல்களைத் தொட்டே விலை பேசுவார். சுற்றி நிற்பவருக்குத் தொகை தெரியாது. வெற்றிலை, பீடி, கூலிக்காசு ஆகியவை மட்டும் வேட்டி மடியில் இருக்கும்.

துண்டு எந்த இடத்தில் இருக்கிறது என்பதைச் சாதி தீர்மானித்த காலம் ஒன்று இருந்தது. நிலக்கிழாரின் எதிரே கூலியாள் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டவோ கக்கத்தில் இடுக்கவோ வேண்டும். இது மரியாதை என்று சொல்லப்பட்டது. உண்மையில் அது கட்டாயம். 1930இல் இராமநாதபுரம் பகுதியில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்மீது விதித்த தடைகளில், ஆண்கள் முழங்காலுக்குக் கீழோ இடுப்புக்கு மேலோ துணி அணியக் கூடாது, சட்டை போடக் கூடாது, குடையும் செருப்பும் கூடாது என்பவை இருந்தன. சுயமரியாதை இயக்கமும் கீழத்தஞ்சையின் விவசாயத் தொழிலாளர் இயக்கமும் இத்தகைய வழக்கங்களை எதிர்த்துப் போராடின. தோளில் துண்டு போட்டு நடப்பது அந்நாளில் துணிச்சலான செயலாக இருந்தது.

முதியவர்கள் வேட்டியின் கீழ்ப்பகுதியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டி வேலை செய்வார்கள். பெரியவர் எதிரே வந்தால் மடிப்பை அவிழ்த்துவிடுவார்கள். இப்பழக்கம் இன்றும் பல ஊர்களில் காணப்படுகிறது. விடியலில் வேப்பங்குச்சியால் பல் துலக்கி, நீராகாரமோ கூழோ குடித்து வயலுக்குச் செல்லும் வழக்கம் குறைந்து, தேநீர்க்கடை அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது.

கோவணம் ஏறத்தாழ மறைந்துவிட்டது. இளைஞர்கள் அரைக்கால் சட்டையும் பனியனும் அணிந்து நெல் அறுவடை இயந்திரம் ஓட்டுகிறார்கள். அவர்கள் தலையிலும் துண்டு இருக்கிறது.