ஈயம் உருக்கும் மின்சார பானை: குமிழைத் திருப்பினால் போதுமா? வெப்பம் எகிறுவது ஏன்?

மீன்பிடி வலைக்கும் தூண்டிலுக்கும் கட்டுகிற குண்டு வார்க்க, அடுப்புக்குப் பதிலாக மின்சார பானையைப் பயன்படுத்துபவர்கள் உண்டு. சுவிட்சைப் போட்டால் ஈயம் தானாக உருகிவிடும். சிக்கலே உருகிய பிறகுதான் ஆரம்பிக்கிறது.

இங்கே சொல்லும் ஈயம், காரீயம். ரசம் வைக்கிற ஈயச் சொம்பு வெள்ளீயத்தில் செய்வது. அது வேறு உலோகம், குழப்பிக்க வேண்டாம்.

எவ்வளவு சூடு போதும்?

காரீயம் சுமார் 327 டிகிரி செல்சியஸில் உருகும். அச்சில் தடையில்லாமல் ஓட 350 முதல் 400 வரை இருந்தாலே போதும். 500-ஐ நெருங்கினால் ஈயப் புகை கணிசமாகக் கிளம்பும். அது கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்றோ, நாற்றம் அடிக்க வேண்டும் என்றோ அவசியமில்லை. உடம்பில் சேரும் ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

ஏன் இவ்வளவு வேகமாக ஏறுகிறது?

ஈயம் கனமானது, ஆனால் அதைச் சூடாக்க அதிக வெப்பம் தேவையில்லை. 1000 வாட் ஹீட்டரில் 10 லிட்டர் தண்ணீர் கொதிக்க முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதே ஹீட்டரில் 10 கிலோ ஈயம் சுமார் 10 நிமிடத்தில் உருகிவிடும். அப்படியே விட்டால் அடுத்த 4 நிமிடத்தில் 500 டிகிரி! இது வெப்ப இழப்பைச் சேர்க்காத கணக்கு. நிஜத்தில் நேரம் கூடும். ஆனாலும், ஒரு போன் பேசிவிட்டு வருவதற்குள் நிலைமை மாறிவிடும்.

குமிழுக்கு என்ன தெரியும்?

விலை குறைந்த பானைகள் பலவற்றில் இருப்பது வெறும் ரெகுலேட்டர் குமிழ். சில விநாடி கரண்ட் கொடுக்கும், சில விநாடி நிறுத்தும், அவ்வளவுதான். உள்ளே எத்தனை டிகிரி என்பது அதற்குத் தெரியாது. வார்க்க வார்க்க ஈயம் குறையும். குமிழை அதே இடத்தில் வைத்திருந்தாலும் மிச்சமிருப்பது இன்னும் வேகமாகச் சூடேறும்.

அதனால்தான் பிஐடி கன்ட்ரோலர் பொருத்துகிறார்கள். தெர்மோகப்பிள் என்ற கம்பி உணரி வெப்பத்தைச் சொல்லும். 370 என்று செட் செய்தால், அந்த அளவை நெருங்கும்போதே கன்ட்ரோலர் கரண்டைக் குறைக்க ஆரம்பிக்கும், எல்லை தாண்டவிடாது. இதில் உள்ள ஆட்டோ டியூன் வசதியை, வழக்கமாக உருக்கும் அளவுக்கு ஈயம் இருக்கும்போது ஓடவிடுவது நல்லது. காலிப் பானையில் ஓட்டினால் கணக்கு தப்பும்.

இதிலும் ஓட்டை இருக்கிறதா?

இருக்கிறது. உணரி சொல்வதைத்தான் கன்ட்ரோலர் நம்பும். உணரி பானையை விட்டு வெளியே நழுவினால் 'இன்னும் சூடாகவில்லை' என்று நினைத்து முழு கரண்டையும் கொடுத்துக்கொண்டே இருக்கும். உணரியின் இரண்டு ஒயர்களை மாற்றி இணைத்தாலும் இதே கதைதான்: சூடு ஏற ஏற ரீடிங் இறங்கும்.

இன்னொன்று, ஹீட்டரை ஆன்-ஆஃப் செய்யும் எஸ்எஸ்ஆர் ரிலே. இது பழுதானால் பெரும்பாலும் 'ஆன்' நிலையிலேயே ஒட்டிக்கொள்ளும். திரையில் எண் ஏறிக்கொண்டே போனாலும் கன்ட்ரோலரால் நிறுத்த முடியாது. எனவே தனி உணரியோடு இயங்கும் இரண்டாவது கட்-ஆஃப் ஒன்று அவசியம். 430 டிகிரி தாண்டினால் மெயின் சப்ளையையே அது துண்டிக்க வேண்டும். பலர் செலவு என்று விட்டுவிடுவது இதைத்தான்.

400-க்குள் வைப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. டயர் கடையிலிருந்து வரும் பழைய வீல் வெயிட்டுகளில் துத்தநாகத்தில் செய்தவையும் கலந்திருக்கும். துத்தநாகம் உருகுவது சுமார் 420 டிகிரியில். அதற்குக் கீழே இருந்தால் அவை மேலே மிதக்கும், கரண்டியால் எடுத்துவிடலாம்.

கன்ட்ரோலர் தடுக்காத ஆபத்துகள்

ஈரமான ஈயத்துண்டை உருகிய ஈயத்துக்குள் போட்டால் தண்ணீர் ஒரே நொடியில் ஆவியாகி, ஈயம் தெறிக்கும். புதுத் துண்டுகளைப் பானையின் விளிம்பில் வைத்துக் காயவைத்த பிறகே போட வேண்டும்.

மேலே படியும் கசடை வழிக்கும்போது பறக்கும் தூசியிலும் ஈயம் இருக்கிறது, வெப்பம் சரியாக இருந்தாலும் கூட. காற்றோட்டமான இடம், சாப்பிடும் முன் சோப்பு போட்டுக் கை கழுவுவது, வேலை செய்த உடையைத் தனியாகத் துவைப்பது எல்லாம் இதற்காகத்தான். பழைய பேட்டரியை உடைத்து உருக்கவே கூடாது. 2022 பேட்டரி கழிவு மேலாண்மை விதிகளின்படி, அது பதிவு செய்த மறுசுழற்சி ஆலைக்குத்தான் போக வேண்டும்.