பேய் பார்க்கவும் போகட்டும், பிறருக்கு உழைக்கவும் போகட்டும்!

"அம்மா, ஃப்ரெண்ட்ஸோட வெளியே போயிட்டு வரேன்."

வயசுப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் இதைக் கேட்காத தாய் உண்டா? கேட்டதுமே வயிற்றில் புளியைக் கரைக்கிறது. எங்கே, யாரோட, எப்போ வருவே என்று மூன்று கேள்வி கேட்டு முடிப்பதற்குள் பிள்ளை செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கியிருப்பான். பையனாக இருந்தால் அதோடு சரி. பெண்ணாக இருந்தால்? மூன்று கேள்விக்கும் ஒழுங்காகப் பதில் சொன்ன பிறகும், "எதுக்கும் அப்பாவைக் கேளு" என்று நாலாவதாக ஒரு பூட்டு. இந்த நாலாவது பூட்டைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் பேயிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது!

எங்கள் ஊர் மாகறல். காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகிற சாலையில், செய்யாற்றங்கரையில் இருக்கிறது. திருஞானசம்பந்தர் பாடின மாகறலீஸ்வரர் கோயிலைப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். இந்த ஊருக்கும் செல்போன் வழியாக ஹாலோவீன் வந்து சேர்ந்துவிட்டது. அக்டோபர் 31ஆம் தேதி ராத்திரி வெளிநாட்டிலே பேய் வேஷம் போட்டுச் சுற்றுகிறார்களாம். அதைப் பார்த்துவிட்டு என் பையனும் அவன் கூட்டாளிகள் நாலு பேரும் போன வருஷம் ஊருக்கு வெளியே மூடிக்கிடக்கிற ஒரு பழைய ரைஸ் மில்லுக்குப் பேய் தேடிப் போனார்கள். இவர்களுக்கு அமாவாசை வரைக்கும் காத்திருக்கக்கூடப் பொறுமை இல்லை.

பேய் இருந்ததா? இருந்தது! வெள்ளை முகம், சத்தமே இல்லாமல் தலைக்கு மேலே பறந்தது, தொண்டையைக் கிழித்துக்கொண்டு கத்தியது. ஐந்து பேரும் ஓடிவந்த வேகத்தில் ஒருவன் செருப்பையே விட்டுவிட்டான். மறுநாள் பகலில் செருப்பை எடுக்கப் போனபோதுதான் தெரிந்தது, அது கூகை. எங்கள் பக்கத்தில் சாக்குருவி என்பார்கள். பாழடைந்த கட்டிடமும் பெரிய மரப்பொந்தும்தான் அதற்கு வீடு. அதன் இறகு அத்தனை மெத்தென்று இருப்பதால் பறக்கிற சத்தம் காதில் விழாது. சாவுக்கு அறிகுறி என்று கல்லால் அடிக்கிறோமே, அந்தப் பறவை வயலில் எலியைப் பிடித்துத் தின்று நம் நெல்லைக் காப்பாற்றுகிறது. பாட்டிமார் காலத்துப் பேய்க் கதையில் பாதிக்கு இந்தக் கூகைதான் பொறுப்பு என்று எனக்குத் தோன்றுகிறது. மீதிப் பாதியில் கொள்ளிவாய்ப் பிசாசையும் சேர்த்துக்கொள்ளலாம். சதுப்பு நிலத்தில் மக்கிப்போன தழையிலிருந்து கிளம்பும் வாயு எரிவதுதான் அது என்று பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக் கொடுத்தார்கள்.

ஆப்ரகாம் கோவூர் என்று ஒருவர் இருந்தார். கேரளத்தில் பிறந்து இலங்கையில் தாவரவியல் ஆசிரியராக இருந்தவர். 1978ல் காலமானார். பேய் வீடு என்று யார் கூப்பிட்டாலும் போய்ப் பார்ப்பார். அமானுஷ்ய சக்தியை ஏமாற்று இல்லாமல் நிரூபித்துக் காட்டுகிறவருக்கு ஒரு லட்ச ரூபாய் தருவதாக 1963ல் சவால் விட்டார். கடைசி வரை ஒருவரும் அந்தப் பணத்தை வாங்கவில்லை. கல் விழுகிறது, துணி தானாக எரிகிறது என்று சொன்ன வீடுகளில் எல்லாம் அவர் தேடிக் கண்டுபிடித்தது மனிதக் கையைத்தான். பல சமயம் அந்த வீட்டுக்குள்ளேயே வாய்விட்டுச் சொல்ல முடியாத மனக்கஷ்டத்தோடு இருக்கிற ஒருத்தியின் கை. என் பையனிடம் இதைச் சொன்னேன். "அப்போ நாங்க செஞ்சதும் ஆராய்ச்சிதானேம்மா" என்கிறான். செருப்பை விட்டுவிட்டு ஓடிவந்தது எந்த ஆராய்ச்சியில் சேர்த்தி என்று கேட்டேன், பதில் இல்லை!

இந்தப் பேய் வேட்கை வெளிநாட்டுச் சரக்கு என்று நாம் முகம் சுளிக்க வேண்டியதில்லை. மாசி மாதம் சிவராத்திரியை ஒட்டி அங்காளம்மன் கோயில்களில் மயானக் கொள்ளை நடக்கிறதே, அது என்ன? காளி வேஷம் கட்டி, முகத்தில் சாயம் பூசி, பம்பை உடுக்கையோடு ஊரே சுடுகாட்டுக்குப் போகிறது. இறைத்த தானியத்தையும் காய்கறியையும் குழந்தைகள் முதற்கொண்டு ஓடி ஓடிப் பொறுக்குகிறார்கள். வெள்ளைக்காரர் கதையும் இதற்கு அண்டை வீடுதான். அயர்லாந்துப் பக்கத்துப் பழைய குடிமக்கள், அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் நாளில் இறந்தவர்கள் திரும்பி வருவார்கள் என்று நம்பினார்கள். வருஷத்தில் ஒரு நாள், பயத்தைக் கூட்டமாகப் போய்ப் பார்த்துவிட்டு வருவது எல்லா ஊரிலும் இருக்கிறது. தனியாகப் போனால் பயம், நாலு பேரோடு போனால் கும்மாளம்!

எனக்குப் பயம் பேயினால் அல்ல. பாழடைந்த கட்டிடத்தில் எலி இருக்கும், எலி இருக்கிற இடத்துக்குப் பாம்பு வரும். கட்டுவிரியன் ராத்திரியில்தான் நடமாடும். கடித்தால் சில பேருக்கு வலிகூடத் தெரியாதாம். அதனால் ஐந்து பேரையும் திண்ணையில் உட்கார வைத்து ஒரு மணி நேரம் பேசினேன். ரப்பர் செருப்போடு போகக்கூடாது, மூடின காலணி வேண்டும். ஆளுக்கு ஒரு டார்ச் லைட். அப்படியும் கடித்துவிட்டால் கத்தியால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, கயிறு போட்டு இறுக்குவது எதுவுமே கூடாது. கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து, 108க்கு போன் பண்ணி நேரே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். மந்திரிக்கிறேன், பச்சிலை கட்டுகிறேன் என்று அரை மணி நேரம் வீணாக்கினாலும் ஆபத்து. விஷமுறிவு மருந்து செய்வதற்கான விஷத்தைப் பாம்பிலிருந்து எடுத்துக் கொடுக்கிறவர்கள் நம் இருளர் மக்கள்தான். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் அவர்களுடைய கூட்டுறவுச் சங்கம் 1978ல் ஏற்பட்டது. "பேயைத் தேடுகிற நேரத்தில் அந்த வடநெம்மேலிப் பக்கம் ஒரு தடவை போய்விட்டு வாங்களேண்டா" என்றேன். தலையை மட்டும் ஆட்டினார்கள்.

இன்னொன்று ஆறு. செய்யாற்றில் வருஷத்தில் சில நாள்தான் தண்ணீர் ஓடும். அந்தச் சில நாளில் எங்கிருந்தெல்லாமோ பிள்ளைகள் குளிக்க வந்துவிடுகிறார்கள். மணல் எடுத்த பள்ளம் தண்ணீருக்கு அடியில் இருப்பது யார் கண்ணுக்கும் தெரியாது. முழங்கால் ஆழம் என்று நினைத்து வைக்கிற அடுத்த அடியில் ஆள் முழுகிவிடும். ஒருவன் முழுகினால் அவனைப் பிடிக்கக் குதிக்கிற இரண்டாவது பிள்ளையும் போகும். குதிக்காதே, கயிறோ புடவையோ கழியோ நீட்டு என்று சொல்லி அனுப்புங்கள். பேய்ப் படத்தைவிட இது எனக்கு அதிக நடுக்கம் தருகிறது.

சரி, பேய்க்கும் தர்மத்துக்கும் என்ன சம்பந்தம்? அமெரிக்காவில் ஹாலோவீன் அன்று வீடு வீடாக மிட்டாய் கேட்கும் குழந்தைகளை வைத்தே ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறார்கள். 1950ல் பிலடெல்பியா பக்கத்தில் சில குழந்தைகள் மிட்டாயோடு கூட, காலிப் பால் டப்பாவில் காசும் கேட்டு வாங்கி, உலகக் குழந்தைகள் நல நிதியான யுனிசெஃபுக்கு அனுப்பினார்கள். பிறகு அது நாடு முழுக்கப் பரவியது. பேய் வேஷம் அதேதான், கையில் ஒரு டப்பா மட்டும் கூட!

நம் பிள்ளைகளும் அப்படித்தான். எங்கள் தெருவில் ரைஸ் மில்லுக்கு ஓடின கூட்டத்தில் மூத்தவன் ஒருவன் 2019ல் அத்தி வரதர் தரிசனத்துக்குத் தொண்டு செய்யப் போனான். அப்போது கல்லூரியில் முதல் வருஷம். 40 வருஷத்துக்கு ஒருமுறை வருகிற வைபவம். ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை காஞ்சிபுரத்துக்கு ஒரு கோடிப் பேருக்கு மேல் வந்தார்கள். வெயிலில் வரிசையில் நிற்கிறவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பது, மயங்கி விழுகிறவர்களை நிழலுக்குத் தூக்குவது, நடக்க முடியாதவர்களைச் சக்கர நாற்காலியில் தள்ளுவது என்று நாள் முழுக்க வேலை. ஜூலை 18ஆம் தேதி நெரிசலில் நாலு பேர் இறந்துபோனார்கள். அன்று ராத்திரி வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டான் என்று அவன் அம்மா சொன்னாள். மறுநாள் காலையில் தானாகவே எழுந்து திரும்பப் போனான். நாட்டு நலப்பணித் திட்டம் என்று 1969ல், காந்தி நூற்றாண்டு சமயத்தில், கல்லூரிகளில் ஆரம்பித்தார்களே, அதில் இருக்கிற பிள்ளை.

நடைப்பயணங்களுக்கு வருகிறேன். ஒரு நோய்க்காகவோ ஆஸ்பத்திரிக்காகவோ கூட்டமாக நடந்து நிதி சேர்க்கிறார்கள். டெர்ரி ஃபாக்ஸ் என்ற கனடா நாட்டுப் பையனுக்கு 1977ல், 18 வயதில், எலும்புப் புற்றுநோயால் வலது காலை எடுத்துவிட்டார்கள். செயற்கைக் காலோடு 1980 ஏப்ரலில் ஓட ஆரம்பித்தான். 143 நாளில் 5,373 கிலோமீட்டர் ஓடினான். நோய் நுரையீரலுக்குப் பரவி நின்றுபோனான். 1981 ஜூனில் கண் மூடினான், 22 வயது. அவன் பெயரில் உலகமெங்கும் ஓட்டம் நடக்கிறது, அதில் முதல் பரிசு கிடையாது. நடக்கிறவர்களும் ஓடுகிறவர்களும் சமம். சென்னையில் ஐ.ஐ.டி. மாணவர்கள் அதை எடுத்து நடத்தி, அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு உதவியிருக்கிறார்கள். அந்த ஆஸ்பத்திரியும் தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால், 1954ல், வெறும் 12 படுக்கையோடு தொடங்கியதுதான்.

எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் காஞ்சிபுரத்தில் படிக்கிறாள். சென்னைக் கடற்கரையில் புற்றுநோய் விழிப்புணர்வு நடை ஒன்றுக்குத் தொண்டராகப் போகப் பெயர் கொடுத்தாள். காலை ஐந்து மணிக்கே அங்கே நிற்க வேண்டும், அதனால் முதல் நாள் சாயங்காலமே கிளம்ப வேண்டும். அப்பா முடியாது என்றுவிட்டார். "ராத்திரி வெளியூர்ல தங்கற பொண்ணுன்னு நாலு பேர் பேசுவாங்க" என்றார். அந்தப் பெண், "அண்ணன் ராத்திரி பன்னெண்டு மணிக்குப் பேய் பார்க்கப் போனப்போ அந்த நாலு பேர் எங்கே போயிருந்தாங்கப்பா?" என்று கேட்டாளாம்! நான் சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டுவிட்டுச் சிரித்தேன்.

கேள்வி நியாயமானதுதான். ஆனால் நியாயத்தை மட்டும் பேசினால் அப்பாமார்கள் இறங்கி வர மாட்டார்கள். அவள் அம்மா கெட்டிக்காரி. சண்டை போடவில்லை. கல்லூரி டீச்சருக்கு போன் பண்ணி, கூட எந்த மேடம் வருகிறார்கள், எங்கே படுக்கிறார்கள், எந்த வண்டி, எத்தனை மணிக்குத் திரும்புகிறார்கள் என்று எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கணவர் கையில் கொடுத்தாள். அவரே பஸ் ஸ்டாண்டு வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். தகப்பனுக்குத் தேவைப்பட்டது தகவல்தான் போலிருக்கிறது.

கிளம்பும்போது நான் சொல்லி அனுப்பியது இரண்டு விஷயம்தான். வெறும் வயிற்றில் நிற்காதே, இரண்டு வாழைப்பழமாவது உள்ளே போகட்டும். வெயிலில் யாராவது சோர்ந்தால் கொடுக்க, ஒரு லிட்டர் காய்ச்சி ஆறின தண்ணீருக்குத் தலைதட்டின ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடிவிட்டால் அதுவே கெடுதல், அளவு தப்பக்கூடாது. ஆனால் மயக்கத்தில் இருப்பவர் வாயில் எதையும் ஊற்றாதே.

திரும்பி வந்தவள் ராத்திரி எங்கள் திண்ணையில் உட்கார்ந்து கதை கதையாகச் சொன்னாள். அவளுக்குக் கொடுத்த வேலை கடைசியாக வருகிறவர்களோடு நடப்பதாம். சிகிச்சையில் முடி கொட்டிப்போய்த் தலையில் துணி கட்டின ஓர் அம்மாள் மெதுவாக நடந்து வந்தார்களாம். இவள் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆரம்பத்திலேயே காட்டியிருந்தா இத்தனை கஷ்டம் இல்லே கண்ணு, வெட்கப்பட்டு ஒரு வருஷம் மூடி வெச்சேன்" என்றார்களாம். சொல்லிவிட்டு எங்களைப் பார்த்து, "அத்தை, நீங்கள்லாம் பார்த்துக்கிட்டீங்களா?" என்று கேட்டாள். திண்ணையில் இருந்த ஆறு பெண்பிள்ளைகளில் ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை.

முப்பது வயது தாண்டின பெண்களுக்கு மார்பகத்தையும் கர்ப்பப்பை வாயையும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகப் பார்க்கிறார்கள். அடுத்த வாரம் நாலு பேர் ஒன்றாகப் போனோம். ஒருத்தியை மட்டும், கட்டி மாதிரி இருக்கிறது, இன்னும் சோதிக்க வேண்டும் என்று காஞ்சிபுரத்துக்கு அனுப்பினார்கள். ஏழு மாதமாக அவளுக்கே தெரியுமாம், புருஷனிடம்கூடச் சொல்லவில்லை. முடிவு வருகிற வரைக்கும் எங்கள் தெருவில் யாருக்கும் தூக்கமில்லை. சாதாரணக் கட்டிதான், பயமில்லை என்று சொல்லிவிட்டார்கள். அந்தப் பெண்ணை அன்று சென்னைக்கு அனுப்பாமல் வீட்டில் பூட்டி வைத்திருந்தால், எட்டாவது மாதமும் அவள் சொல்லியிருக்க மாட்டாள்.

இப்போது ரைஸ் மில் கூட்டமும் கல்லூரிப் பெண்கள் கூட்டமும் சேர்ந்து ஊர் சுற்றத் திட்டம் போடுகிறார்கள். உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டைப் பார்த்தாகிவிட்டது. பறவைகள் வருகிற மாதங்களில் வேடந்தாங்கல் போக எண்ணம். அதற்கு முன்னால் பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற திருமுக்கூடல். அங்கே கோயில் சுவரில், வீரராஜேந்திர சோழன் காலத்தில் 15 படுக்கையோடு ஓர் ஆதுலசாலை நடந்ததைக் கல்வெட்டாக வெட்டி வைத்திருக்கிறார்கள். வைத்தியர், அறுவை செய்பவர், நோயாளிகளைக் கவனிக்கப் பெண்கள் இருவர் என்று சம்பளக் கணக்கோடு இருக்கிறது. ஆயிரம் வருஷத்துக்குச் சற்றுக் குறைவு!

அடுத்த ஞாயிறு காலை ஏழு மணி பஸ். பதினோரு பேர், அதில் ஐந்து பெண்கள். பக்கத்து வீட்டு அப்பா இந்தத் தடவை தாள் கேட்கவில்லை, திரும்பி வருகிற பஸ்ஸின் நேரத்தை மட்டும் கேட்டார். புளியோதரை என் பொறுப்பு.