மஞ்சள் கரை எங்கே போனது?

நர்சரியில் ஸ்நேக் பிளான்ட் கேட்டால் பெரும்பாலும் எடுத்துத் தருவது மஞ்சள் கரையிட்ட 'லாரன்டை' வகையைத்தான். நிமிர்ந்த தடித்த இலை, அதில் கரும்பச்சையும் வெளிர்பச்சையுமாகக் குறுக்கு வரிகள், இரு ஓரங்களிலும் மஞ்சள். பூர்வீகம் ஆப்பிரிக்கா. நம்மூர் மருளுக்கு நெருங்கிய உறவு. மருள் நாரில்தான் ஒரு காலத்தில் வில்லுக்கு நாண் திரித்தார்கள்.

இதன் இலையை நாலு விரல் நீளத்துக்கு நறுக்கி, தலைகீழாகிவிடாமல் மணலில் செருகினால் வேர் பிடிக்கும். சில மாதங்களில் பக்கத்தில் குருத்தும் எட்டிப் பார்க்கும். ஆனால் அந்தக் குருத்து முழுப் பச்சை! தாய்த் துண்டில் மஞ்சள் கரை அப்படியே இருக்கிறது. பிள்ளைக்கு மட்டும் இல்லை.

காரணம், இந்தச் செடி ஒரே உடம்பில் இரண்டு வகை மரபணு அமைப்புகளைச் சுமக்கிறது. தாவரவியலில் இதைக் கைமேரா என்பார்கள். தண்டின் வளர்நுனியில் செல்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. அவற்றில் ஓர் அடுக்கில் எப்போதோ நேர்ந்த மாற்றத்தால் அங்கே பச்சையம் சரிவர உருவாவதில்லை. இலை விரியும்போது அந்த அடுக்கிலிருந்து வரும் திசு ஓரத்தில் மஞ்சளாக அமைகிறது. வெட்டிய இலைத் துண்டில் வளர்நுனி ஏது? புதுக் குருத்து உள்ளிருக்கும் பச்சைத் திசுவிலிருந்தே கிளம்புகிறது. கரை வேண்டுமானால் மண்ணுக்கடியில் ஓடும் தண்டோடு பக்கக்கன்றைப் பிரித்து நடுவதுதான் வழி.

கள்ளிவகைகளானாலும் கற்றாழைவகைகளானாலும், இரு நிறச் செடியைப் பராமரிக்கும் முறை பெரும்பாலும் இந்தப் பச்சையக் குறைவிலிருந்தே பிறக்கிறது. வெளிறிய பகுதி தனக்குப் போதுமான உணவைத் தயாரிப்பதில்லை. பச்சைப் பகுதிதான் அதற்கும் சேர்த்து உழைக்கிறது, ஒருவர் சம்பளத்தில் நடக்கும் குடும்பம் மாதிரி. வளர்ச்சி மெதுவாகத்தான் இருக்கும். அவசரப்பட்டு உரத்தைக் கொட்டக் கூடாது. வெளிச்சம் நன்றாக வேண்டும். ஆனால் சித்திரை உச்சிவெயிலில் வெளிறிய திசு முதலில் கருகிப் பழுப்பாகும். காலை வெயில் போதும். மஞ்சள் கரை ஆனைக்கற்றாழை இதற்கு விலக்கு, அது வெட்டவெயிலையும் தாங்கும்.

இந்தச் செடிகள் வறட்சியில் சாவதைவிட நம் அன்பில் சாவதே அதிகம் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். மண்ணில் பாதியளவு பருமணலோ பெர்லைட்டோ இருக்கட்டும். விரலை விட்டுப் பார்த்து, உள்ளேயும் காய்ந்த பிறகே தண்ணீர். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தொட்டியைத் தாழ்வாரத்துக்குள் நகர்த்திவிடுங்கள். இலையின் அடியை அழுத்திப் பாருங்கள்: கொழகொழத்து நாற்றம் அடித்தால் அழுகல் தொடங்கிவிட்டது. நல்ல திசு தெரியும்வரை வெட்டி, வெட்டுவாய் காய்ந்தபின் புது மண்ணில் நடுங்கள்.

இரு நிறச் செடியில் முழுப் பச்சைக் கிளை கிளம்பினால் அடியோடு வெட்டுங்கள். அது வேகமாக வளர்ந்து மற்றதை அமுக்கிவிடும். முழு வெள்ளைக் கன்று வந்தால் பிரிக்காதீர்கள், தாயைவிட்டால் பிழைக்காது. கடைகளில் விற்கும் சிவப்பு, மஞ்சள் 'மூன் கேக்டஸ்' கூட, பச்சைக் கள்ளித் தண்டின்மேல் ஒட்டுப்போட்டதால்தான் உயிரோடு இருக்கிறது.

வாங்கும்போது பழைய இலைகளின் அழகில் மயங்க வேண்டாம். நடுவே புதிதாக விரியும் இலைகளைப் பாருங்கள். அவற்றில் இரண்டு நிறமும் இருந்தால் துணிந்து வாங்கலாம்.