உள்ளரங்க நீர்ப்பூங்கா விடுதியில் இரண்டு நாள்: சிகிச்சையிலுள்ள பிள்ளையோடு செல்வதற்கான ஆயத்தங்கள்

மார்ச் மாதப் பாடசாலை விடுமுறை நெருங்கும்போது சிறுவர் பிரிவில் அடிக்கடி எழும் கேள்வி ஒன்றுண்டு: "பிள்ளையை நயாகராவிலுள்ள நீர்ப்பூங்காவுக்கு அழைத்துச் செல்லலாமா?" பல மாதங்கள் சிகிச்சையிலிருந்த பிள்ளைக்குப் பெற்றோர் அளித்த வாக்குறுதியாக அது இருக்கலாம். அந்த மாதங்களில் பொறுமையோடு காத்திருந்த அண்ணன் தங்கையரின் ஆசையாகவும் இருக்கலாம். இக்கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் விடை கூற இயலாது. நோய் எது, சிகிச்சை எந்தக் கட்டத்தில் உள்ளது, உடலில் குழாயோ ஆறாத காயமோ உண்டா என்பவற்றைப் பொறுத்தே விடை அமையும். முன்கூட்டியே திட்டமிட்டால், பல குடும்பங்கள் இத்தகைய பயணத்தைப் பாதுகாப்பாக மேற்கொள்ள முடியும்.

உள்ளரங்க நீர்ப்பூங்கா விடுதி என்பது தங்குமிடமும் நீர் விளையாட்டு மண்டபமும் ஒரே கூரையின் கீழ் அமைந்த இடமாகும். கனடாவில் எட்மன்டன் நகரப் பேரங்காடியின் உள்ளரங்க நீர்ப்பூங்கா 1986 ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. விடுதியோடு இணைந்த பூங்காக்கள் 1990களில் அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில் பெருகின. ரொறன்ரோவிலிருந்து ஏறத்தாழ 130 கிலோமீற்றர் தொலைவிலுள்ள நயாகரா நீர்வீழ்ச்சி நகரிலும் இவை உள்ளன. வெளியே பனி பொழியும்போதும் உள்ளே வெப்பநிலை 29 பாகை செல்சியஸ் அளவில் இருப்பதே இவற்றின் ஈர்ப்பு. மூடிய மண்டபம், வெதுவெதுப்பான நீர், நெருக்கமான கூட்டம் ஆகிய மூன்றும் சேர்வதால், திறந்தவெளிக் குளங்களில் இல்லாத சில கவனங்கள் இங்கே தேவைப்படுகின்றன.

முதலில் மருத்துவக் குழுவிடம் கேளுங்கள்

அறைக்குப் பணம் செலுத்துவதற்கு முன்னரே உங்கள் மருத்துவரிடமோ தாதியிடமோ பேசுங்கள். கீழே கூறப்படுபவை பொதுவான வழிகாட்டல்களே. உங்கள் பிள்ளையைப் பற்றிய இறுதி முடிவு அக்குழுவினுடையது.

மையநாளக் குழாய்: கையிலோ மார்பிலோ தோலுக்கு வெளியே நீளும் குழாய் உள்ள பிள்ளை பொதுவாக நீரில் இறங்கலாகாது. குழாயின் வழியே கிருமி நேரடியாகக் குருதியில் கலக்கும் ஆபத்துண்டு. நீர்புகாத உறையையும் முழுமையாக நம்ப இயலாது. தோலின் அடியில் பதிக்கப்பட்ட போர்ட் எனில், ஊசி செருகப்படாமலும் காயம் முற்றாக ஆறியும் இருந்தால் குழு அனுமதிக்கக்கூடும்.

நோயெதிர்ப்பு ஆற்றல் குறைவு: புற்றுநோய் சிகிச்சை பெறுவோரும் உறுப்பு மாற்றம் செய்துகொண்டோரும் குருதி அணுக்களின் எண்ணிக்கை பாதுகாப்பான அளவில் உள்ளதா என்பதைக் கேட்டறிந்து நாளைக் குறிக்க வேண்டும். நீரில் இறங்காவிடினும், கூட்டத்தால் பரவும் சளிக்காய்ச்சலையும் கருத்திற் கொள்ள வேண்டும்.

வலிப்பு நோய்: நீரில் இருக்கும் ஒவ்வொரு கணமும், வலிப்பு வந்தால் என்ன செய்வதென அறிந்த பெரியவர் ஒருவர் கைக்கெட்டும் தொலைவில் இருக்க வேண்டும். உயிர்காப்பு அங்கி அணிவதும், உயிர்காப்பாளரிடம் முன்கூட்டியே தெரிவிப்பதும் அவசியம். களைப்பும் உறக்கக் குறைவும் வலிப்பைத் தூண்டக்கூடியவை. ஆகவே முதல்நாள் இரவு நேரத்தோடு உறங்கச் செய்யுங்கள்.

நீரிழிவு: நீர் விளையாட்டு குருதிச் சர்க்கரையைத் தாழ்த்தும். நீரிலிருந்து எழும் பிள்ளையின் நடுக்கத்தைக் குளிரால் வந்தது எனத் தவறாக எண்ணிவிட இடமுண்டு. இறங்குமுன்னும், பின்னர் மணிக்கொரு முறையும் சர்க்கரையை அளந்து பாருங்கள். இன்சுலின் பம்பி நீர்புகாததா, எவ்வளவு நேரம் கழற்றி வைக்கலாம் என்பதைக் குழுவிடம் கேளுங்கள். மண்டபத்தின் வெப்பம் இன்சுலினுக்கு உகந்த எல்லையை ஒட்டியிருப்பதால் அதைக் குளிர்ப்பையில் வைத்திருங்கள்.

அரிவாள்கல நோய்: குளிர்ந்த நீரும், ஈர உடையோடு நிற்பதும், நீர் அருந்தாமல் விளையாடுவதும் வலி நெருக்கடியைத் தூண்டலாம். எழுந்த உடனே துவட்டி, உலர்ந்த மேலாடை அணிவித்து, அடிக்கடி நீர் அருந்தக் கொடுங்கள்.

இதயத் துடிப்புக் கோளாறு: நீண்ட க்யூ-டி எனப்படும் பரம்பரைக் கோளாற்றின் ஒரு வகையில் நீச்சலே ஆபத்தான துடிப்பைத் தூண்டக்கூடும். இதய மருத்துவரின் தெளிவான அனுமதியின்றி இப்பிள்ளைகள் நீரில் இறங்கலாகாது.

நீரையும் காற்றையும் பற்றி அறிய வேண்டியவை

குளோரீன் மணம் பலமாக இருந்தால் நீர் தூய்மையானது எனப் பலர் எண்ணுவர். உண்மை பெரும்பாலும் இதற்கு மாறானது. வியர்வையிலும் சிறுநீரிலும் உள்ள நைதரசன் சேர்மங்களோடு குளோரீன் கலக்கும்போது குளோரமீன்கள் உண்டாகின்றன. கண்ணை எரிக்கும் அந்த மணம் இவற்றிலிருந்தே எழுகிறது. மூடிய மண்டபத்தில் காற்றோட்டம் போதாவிடின் இவை நீர்மட்டத்துக்கு மேலேயே தேங்கி நிற்கும். 2007 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் உள்ளரங்க நீர்ப்பூங்கா விடுதி ஒன்றுக்குச் சென்ற நூற்றுக்கணக்கானோர் இருமலும் கண்ணெரிவும் ஏற்பட்டதாக முறையிட்டனர். ஆய்ந்தபோது, காற்றில் தேங்கிய குளோரமீன்களே காரணமாக இருக்கலாம் எனத் தெரியவந்தது.

ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு இது முக்கியமானது. இன்ஹேலரை அறையில் வைத்துவிட்டு வராமல் நீரருகே கையோடு வைத்திருங்கள். மண்டபத்தில் நுழைந்ததும் கண் எரிந்தாலோ இருமல் தொடங்கினாலோ வெளியேறி நல்ல காற்றுள்ள இடத்தில் அமருங்கள். மூச்சிரைப்பு நிற்காவிடின் மருத்துவர் தந்த ஆஸ்துமா செயற்றிட்டத்தைப் பின்பற்றுங்கள்.

மற்றொன்று வயிற்றோட்டம். கிரிப்டோஸ்போரிடியம் என்னும் நுண்ணுயிர், முறையாகக் குளோரீன் இட்ட நீரிலும் நாட்கணக்கில் உயிர்வாழக்கூடியது. நலமான பிள்ளைக்கு அது சில நாள் துன்பம். நோயெதிர்ப்பு ஆற்றல் குறைந்த பிள்ளைக்கு அது நீண்டகால நோயாகலாம். எனவே குடும்பத்தில் எவருக்கேனும் வயிற்றோட்டம் இருந்தால் அவர் நீரில் இறங்கலாகாது. அது இந்நுண்ணுயிரால் வந்ததென உறுதியானால், நின்று இரண்டு வாரங்கள் கழியும்வரை காத்திருக்க வேண்டும். நீச்சல் டயப்பர் இந்நுண்ணுயிரைத் தடுக்காது. நீரை விழுங்கக்கூடாது எனப் பிள்ளைக்குக் கற்பியுங்கள். இறங்குமுன் ஒரு நிமிடம் உடலை நன்கு கழுவுவதும், மணிக்கொரு முறை கழிப்பறைக்கு அழைத்துச் செல்வதும் எல்லோருக்கும் நன்மை தரும்.

வெந்நீர்த் தொட்டிகளில் சிறு பிள்ளைகளும், கருவுற்ற தாய்மாரும், நோயெதிர்ப்பு ஆற்றல் குறைந்தோரும் இறங்காதிருப்பதே நலம். அந்நீரின் வெப்பம் 40 பாகைவரை செல்லலாம். மேலும் வெப்பத்தில் குளோரீன் விரைவாகக் குறைந்து, தோலையும் நுரையீரலையும் தாக்கும் கிருமிகள் பெருக இடமுண்டாகிறது.

அறையைப் பதிவு செய்யும்போது

சிகிச்சையிலுள்ள பிள்ளைக்குத் திடீரெனக் காய்ச்சல் வரலாம். குருதிப் பரிசோதனை முடிவும் திட்டத்தை மாற்றலாம். ஆகவே குறைந்த கட்டணத்தைவிட, கடைசி நேரத்தில் இரத்துச் செய்ய இடமளிக்கும் பதிவே உங்களுக்கு ஏற்றது. கூட்டம் குறைந்த வார நாட்களைத் தெரிவு செய்யுங்கள். விடுதியைத் தொலைபேசியில் அழைத்துக் கீழ்வருவனவற்றைக் கேளுங்கள்:

- அறையில் மருந்து வைப்பதற்குக் குளிர்சாதனப் பெட்டி உண்டா?
- சக்கர நாற்காலி செல்லும் அறையும் நீரில் இறக்கக்கூடிய நாற்காலியும் உள்ளனவா?
- உயிர்காப்பு அங்கி பிள்ளையின் அளவுக்குக் கிடைக்குமா?
- சறுக்குகளுக்கு உயர எல்லை எவ்வளவு? வயதுக்கு ஏற்ப வளராத பிள்ளை வரிசையில் நின்றபின் திருப்பி அனுப்பப்படுவதை இவ்வாறு தவிர்க்கலாம்.
- அறை கிடைக்குமுன்னரும், அறையை ஒப்படைத்த பின்னரும் பூங்காவைப் பயன்படுத்தலாமா? ஆம் எனில், ஓர் இரவுக் கட்டணத்தில் இரண்டு நாட்கள் கிடைக்கும்.

எல்லையைக் கடந்து அமெரிக்காவுக்குச் செல்வதானால் பயணக் காப்புறுதி இன்றியமையாதது. ஒன்ராறியோவின் மருத்துவக் காப்புறுதி அங்கு ஏற்படும் செலவில் மிகச் சிறு பகுதியையே ஈடு செய்யும். முன்பே உள்ள நோய்க்குக் காப்பு உண்டா, அண்மையில் மருந்தை மாற்றியது அதைப் பாதிக்குமா என்பதைக் கேட்டு, எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.

கையோடு கொண்டு செல்ல வேண்டியவை

இரண்டு நாளுக்குத் தேவையானதைவிடக் கூடுதலான மருந்து, வெப்பமானி, மருந்துப் பட்டியல், பிள்ளையின் நோயையும் அவசர நடவடிக்கையையும் விளக்கும் மருத்துவரின் கடிதம் ஆகியவற்றை ஒரே பையில் வையுங்கள். விடுதிக்கு அருகிலுள்ள அவசர சிகிச்சைப் பிரிவின் முகவரியைப் புறப்படுமுன் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்ராறியோவில் 811 என்னும் இலக்கத்தில் எந்நேரமும் தாதியின் ஆலோசனையைப் பெறலாம். உயிராபத்தெனில் 911 ஐ அழையுங்கள்.

நீரருகில் காவல்

நீரில் மூழ்கும் பிள்ளை பெரும்பாலும் கூச்சலிடாது. ஓசையின்றி, சில நிமிடங்களுக்குள் அது நிகழ்ந்துவிடும். உயிர்காப்பாளர் நூற்றுக்கணக்கானோரைக் கவனிப்பவர். உங்கள் பிள்ளையை மட்டும் கவனிப்பவர் நீங்களே. பெரியவர்கள் பலர் கூடியிருக்கும்போது, ஒவ்வொருவரும் மற்றவர் பார்ப்பார் என்று எண்ணிவிடும் ஆபத்துண்டு. எனவே 15 நிமிடத்துக்கு ஒருவர் எனப் பெயர் சொல்லி முறை வகுத்துக்கொள்ளுங்கள். முறை வந்தவர் கைப்பேசியைப் பையில் வைத்துவிட வேண்டும்.

நீரில் இறங்க முடியாத பிள்ளை

எல்லோரும் நீரில் இருக்கத் தான் மட்டும் கரையில் அமர்ந்திருப்பது பிள்ளைக்குக் கடினமானது. இதை அங்கு சென்றபின் சொல்லாமல், புறப்படுவதற்குப் பல நாட்கள் முன்னரே, காரணத்தோடு சொல்லுங்கள். "குழாய் இருக்கும்வரை நீரில் இறங்க முடியாது, குழாயை எடுத்தபின் இறங்கலாம்" என்பது பிள்ளை புரிந்துகொள்ளக்கூடிய விடை. அவ்வாறு கேட்ட பிள்ளை, பயணத்தைக் குழாய் எடுத்தபின் வைத்துக்கொள்ளலாம் என்று கூறினால் அதையும் மதியுங்கள். செல்வதெனில், விடுதியிலுள்ள நீரில்லா விளையாட்டுகளில் அப்பிள்ளை தெரிவு செய்யும் ஒன்றுக்கு முழுக் குடும்பமும் நேரம் ஒதுக்கட்டும். பெற்றோரில் ஒருவர் அண்ணன் தங்கையரோடு மனக்கவலையின்றி நீரில் விளையாடும் ஒரு மணி நேரமும் திட்டத்தில் இடம்பெறட்டும். நோயின் காலத்தில் அவர்களுக்குக் குறைந்துபோனது அத்தகைய நேரமே.

உடனே உதவி நாட வேண்டிய வேளைகள்

நீரில் மூழ்கி எடுக்கப்பட்ட பிள்ளைக்குப் பின்னர் இருமல், மூச்சுத் திணறல், வழமைக்கு மாறான சோர்வு ஆகியவற்றுள் எதுவும் தோன்றினால் தாமதியாமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள். புற்றுநோய் சிகிச்சையிலுள்ள பிள்ளைக்கு உங்கள் குழு குறித்துத் தந்த அளவுக்குக் காய்ச்சல் ஏறினால், வீடு திரும்பிப் பார்க்கலாம் எனக் காத்திராதீர்கள். காய்ச்சல் மருந்தும் கொடாமல், குழுவின் அவசரத் தொலைபேசி இலக்கத்தை அழைத்துக்கொண்டே அருகிலுள்ள மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

பயணக் கடிதம் தேவைப்படுவோர் அடுத்த மருத்துவச் சந்திப்பின்போது தாதியிடம் கேட்டுப் பெறலாம். செல்லும் நாளையும் இடத்தையும் அப்போதே கூறினால், பரிசோதனைகளையும் மருந்து வேளைகளையும் அதற்கேற்ப அமைக்க இயலுமா எனப் பார்க்கலாம்.