தெருத் திண்ணையும் கைப்பேசிக் குழுவும்

34 ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். ஓய்வு பெற்ற ஆசிரியர் சும்மா இருக்கிறார் என்று கண்டால் ஊரார் ஏதேனும் ஒரு பொறுப்பை ஒப்படைத்துவிடுவது வழக்கம். எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவுக்கு என்னை நிர்வாகி ஆக்கினார்கள். ஏறத்தாழ 200 வீட்டார் அதில் உள்ளனர். குழாயில் தண்ணீர் வரும் நேரம், மின்தடை, மருத்துவ முகாம் முதலிய செய்திகளுக்காக ஏற்பட்ட குழு அது.

அதில் அடுத்த தெருப் பெண்மணி ஒருவர் சேர்ந்தார். கணவருக்கு வேலை போன பின்னர், கடன்பட்டு அரைக்கும் இயந்திரம் ஒன்று வாங்கி, பருப்புப்பொடியும் கறிவேப்பிலைப்பொடியும் செய்து விற்று வந்தவர். விடியலில் ஒரு விளம்பரம், நண்பகலில் ஒன்று, இரவில் ஒன்று என அனுப்பலானார். ஒருநாள் மின்தடைச் செய்தி அவற்றின் நடுவே புதைந்து போயிற்று. பலர் முணுமுணுத்தனர். ஒழுங்கைக் காக்க வேண்டுமென்று எண்ணி, அவரைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டேன்.

மறுநாள் அவர் என் வாசலில் வந்து நின்றார். "சார், இப்படி அனுப்பக் கூடாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! எப்படி அனுப்ப வேண்டும் என்று எனக்குச் சொல்லித் தருவார் யார்?" என்றார். என்னிடம் விடை இல்லை. பாடம் நடத்தாமலே தேர்வு வைத்து, தோற்றாய் என்று சொன்ன ஆசிரியனாக நின்றேன். அன்று இருவரும் அமர்ந்து ஆராய்ந்து கண்டவற்றையே இன்று உங்களிடம் கூற விரும்புகிறேன்.

சுவரொட்டியும் செய்தித்தாள் விளம்பரமும் தத்தம் இடத்தில் இருப்பவை. வேண்டாதவர் கண்ணைத் திருப்பிக்கொள்ளலாம். குழுவில் இடும் செய்தியோ ஒவ்வொருவர் கைக்குள்ளும் புகுந்து ஒலிக்கிறது. ஆகவே, அதனைப் பழைய நாளின் தெருத் திண்ணையோடு ஒப்பிடலாம். திண்ணையில் அமர்ந்தவன் முதலில் அயலான், பிறகே வணிகன். அயலாரின் நம்பிக்கையே இங்கு முதல். தேவையின்றி அனுப்பும் ஒவ்வொரு செய்தியும் அம்முதலில் ஒரு பங்கைச் செலவழிக்கிறது.

இதிலிருந்து சில நெறிகள் பிறக்கின்றன. முதலாவது, நிர்வாகியிடம் அனுமதி கேட்டல். எங்கள் குழுவில் சனிக்கிழமை மாலையை விற்பனைக்கென ஒதுக்கினோம். இரண்டாவது, செய்தியை முழுமையாக எழுதுதல். பண்டம் எது, எடை எவ்வளவு, விலை என்ன, எந்தத் தெருவில் கிடைக்கும், எந்த நாளுக்குள் சொல்ல வேண்டும் என்ற ஐந்தும் ஒரே செய்தியில் அமைதல் வேண்டும். படம் ஒன்று போதும். அது தம் சமையலறையில் எடுத்ததாக இருத்தல் வேண்டும். வேறெங்கோ எடுத்த அழகிய படம், பொட்டலத்தைப் பிரித்தவுடன் பொய்யாகிவிடும்.

மூன்றாவது, வேண்டுவோரைத் தமக்குத் தனியே எழுதுமாறு கேட்டுக்கொள்ளுதல். ஒருவர் கால் கிலோ கேட்பதற்கு 200 கைப்பேசிகள் ஏன் ஒலிக்க வேண்டும்? நான்காவது, குழுவிலுள்ள எண்களை எடுத்து, கேளாமலே வேறொரு விற்பனைக் குழுவில் சேர்க்காதிருத்தல். ஐந்தாவது, உறவினரை ஏவிப் புகழ்ந்தெழுதச் செய்யாதிருத்தல். தெருவில் யார் யாருக்கு உறவு என்பதை அறியாதார் உண்டோ?

கருவிகளும் உள்ளன. 2018இல் வாட்ஸ்அப் நிறுவனம் சிறு வணிகர்க்கென்றே தனிச் செயலி ஒன்றை வெளியிட்டது. பண்டங்களின் படத்தையும் விலையையும் அதில் பட்டியலாக வைக்கலாம். விரும்புவோர் தாமே திறந்து காண்பர். 2016இல் தொடங்கிய யூபிஐ முறையால், சில்லறைத் தொல்லையின்றிப் பணமும் வந்து சேர்கிறது. ஆனால் உணவுப் பண்டம் விற்போர் ஒன்றை மறத்தலாகாது. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் வீட்டு அடுப்பில் செய்து விற்போர்க்கும் பொருந்தும். முறைப்படி பதிவு செய்து, 14 இலக்கப் பதிவெண்ணைப் பொட்டலத்தில் அச்சிடுதல் சட்டத்திற்கும் நன்று, வாங்குவோரின் மனத்திற்கும் நன்று.

அப்பெண்மணி மீண்டும் குழுவில் சேர்ந்தார். சில வாரங்கள் சென்றன. ஒரு சனிக்கிழமை விற்பனைச் செய்திக்கு மாறாக வேறொன்று எழுதினார்: "சென்ற வாரப் பருப்புப்பொடியில் பருப்பு சற்றுக் கருகிவிட்டது. வாங்கியவர்கள் பணத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம்." யாரும் குறை கூறுவதற்கு முன்னரே அவர் எழுதிய செய்தி அது. பணத்தைத் திரும்பக் கேட்டவர் மிகச் சிலரே. அதுவரை வாங்காதிருந்த சில வீட்டார் அடுத்த வாரம் பொடி கேட்டு எழுதினர். எத்தனை அழகிய படமும் செய்ய இயலாததை அந்த மூன்று வரி உண்மை செய்து முடித்தது.

வள்ளுவர் வணிகர்க்குரிய நெறியை நடுவுநிலைமை என்னும் அதிகாரத்தில் வைத்ததன் பொருத்தம் எனக்கு அன்றுதான் நன்கு விளங்கியது. குழுவின் நிர்வாகிகளுக்கும் ஒரு சொல். ஒருவரை நீக்குவதற்கு விரலால் ஒருமுறை தொட்டாற் போதும். ஆனால் அந்தத் தொடுதலில் ஒரு வீட்டின் அடுப்பு அணைந்துவிடக் கூடும். முதலில் சொல்லிக் கொடுங்கள். கற்றுக்கொள்ளாவிட்டால் பிறகு நீக்கலாம். இப்பாடத்தை ஓய்வு பெற்ற பின்னரே கற்றவன் நான்.