வாஷிங்டன் ஹார்ட்கோர் பங்க் இசைச் சமூகம்

வாஷிங்டன் ஹார்ட்கோர் பங்க் இசைச் சமூகம் என்பது அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டன் டி.சி.யிலும் அதை ஒட்டிய புறநகர்களிலும் 1970களின் இறுதியில் உருவான சுயாதீன மேடையிசை வட்டம். இதில் இருந்தவர்களில் பெரும்பாலோர் பள்ளி மாணவர்கள், அல்லது பள்ளிப் படிப்பை அப்போதுதான் முடித்தவர்கள். பெரிய இசை நிறுவனங்களின் முதலீடும் விளம்பரமும் இல்லாமல் நண்பர்களே பாடல் எழுதினர், ஒலிப்பதிவு செய்தனர், இசைத்தட்டு வெளியிட்டனர், அரங்கு பிடித்து நிகழ்ச்சியும் நடத்தினர். இந்த வட்டம் நட்பில் தொடங்கியது. நட்பு மட்டும் போதாது என்று தெரிந்தபோது அதை விலை, வாசல், கணக்கு ஆகியவற்றைப் பற்றிய நடைமுறைகளாக மாற்றிக்கொண்டது. அது நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பேசப்படுவதற்கு இதுவே முக்கியக் காரணம்.

பின்னணி

பங்க் இசை 1970களின் நடுப்பகுதியில் நியூயார்க்கிலும் லண்டனிலும் பரவியது. குறைந்த சுரங்கள், வேகமான தாளம், உரத்த குரல் ஆகியவை அதன் அடையாளங்கள். நீண்ட பயிற்சி இல்லாதவரும் கிட்டார் எடுத்து மேடையேறலாம் என்பது அதன் அடிப்படை நம்பிக்கை. அந்த இசையை மேலும் வேகமாக்கி, பாடல்களை ஓரிரு நிமிடங்களாகச் சுருக்கிய வடிவம் ஹார்ட்கோர் எனப்பட்டது.

வாஷிங்டன் அரசு அலுவலகங்களின் நகரம். நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ் போல அங்கே பெரிய இசைத் தொழில் இல்லை. உள்ளூர் இளைஞர்களைத் தேடிவந்து ஒப்பந்தம் போட ஆளில்லை என்பதால் அவர்கள் எல்லாவற்றையும் தாங்களே செய்துகொள்ள வேண்டியிருந்தது.

1979 பிப்ரவரி 3 அன்று ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் தி கிராம்ப்ஸ் என்ற இசைக்குழுவின் நிகழ்ச்சி நடந்தது. மூடப்பட்ட பல்கலைக்கழக வானொலிக்கு ஆதரவாக நடந்த நிகழ்ச்சி அது. பின்னாளில் இந்த வட்டத்தின் மையமாக இருந்த இயன் மெக்கே நேரில் கண்ட முதல் பங்க் நிகழ்ச்சி இதுவே. அதே காலத்தில் பேட் பிரெயின்ஸ் என்ற கறுப்பின இளைஞர்களின் குழு நகரில் இசைத்து வந்தது. ஜாஸ் கலப்பிசையில் தொடங்கிய அவர்களின் வேகமும் துல்லியமும் பள்ளி மாணவர்களை வியக்க வைத்தன. மெக்கேயும் நண்பர்களும் 1979இல் தொடங்கிய டீன் ஐடில்ஸ் குழுவுடன் பேட் பிரெயின்ஸ் பயிற்சி இடத்தையும் கருவிகளையும் பகிர்ந்துகொண்டதுண்டு. மூத்த குழு இளைய குழுவைப் போட்டியாகப் பார்க்கவில்லை. அங்கே தொடங்கிய பழக்கம் பின்னர் வந்தவர்களிடமும் தொடர்ந்தது.

கையில் ஒரு பெருக்கல் குறி

மேடையிசை நடக்கும் கிளப்புகளின் வருமானம் பெரும்பாலும் மது விற்பனையிலிருந்தே வருகிறது. மது வாங்க வயதாகாதவர் கிளப்பின் கணக்கில் இடத்தை அடைப்பவர் மட்டுமே. அதனால் பல இடங்களில் அவர்களுக்கு அனுமதி கிடையாது. பதினாறு, பதினேழு வயதில் இசைத்தவர்களுக்கு இது நேரடிச் சிக்கலாக இருந்தது. மேடையில் நிற்பவருக்கே அரங்கில் இடமில்லை. அவருடைய வகுப்புத் தோழர்களுக்கும் இடமில்லை.

1980ஆம் ஆண்டுக் கோடையில் டீன் ஐடில்ஸ் குழுவினர் கலிஃபோர்னியாவுக்குச் சென்றனர். சான் பிரான்சிஸ்கோவின் மபுஹாய் கார்டன்ஸ் கிளப்பில் அவர்களின் கைகளில் பெருக்கல் குறி போன்ற கறுப்புக் குறி இடப்பட்டது. அந்தக் குறி உள்ளவருக்கு மது கொடுக்கக் கூடாது என்பது பொருள். ஊர் திரும்பியதும் அதே முறையை வாஷிங்டன் கிளப்புகளிடம் முன்வைத்தனர். கையில் குறியிடுங்கள், நாங்கள் குடிக்க மாட்டோம், உள்ளே மட்டும் விடுங்கள் என்பதே கோரிக்கை. 1980இல் எஃப் தெருவில் திறக்கப்பட்ட 9:30 கிளப் உள்ளிட்ட இடங்கள் இதை ஏற்றன. விலக்குவதற்காக இடப்பட்ட குறி இவ்வாறு நுழைவுக்கான குறியாக மாறியது.

மெக்கே அடுத்துப் பாடிய மைனர் த்ரெட் குழுவின் 'ஸ்ட்ரெயிட் எட்ஜ்' பாடல் 1981இல் வெளிவந்தது. மது, போதை இல்லாத வாழ்க்கையைத் தன் சொந்தத் தேர்வாக அது கூறியது. பிற ஊர்களில் சிலர் அதைக் கட்டாய ஒழுக்கவிதியாக்கி, பின்பற்றாதவர்களைத் தாக்கவும் செய்தனர். இயக்கம் ஒன்றைத் தொடங்கும் நோக்கம் தனக்கு இருந்ததில்லை என்று மெக்கே பலமுறை விளக்கியிருக்கிறார்.

டிஸ்கார்ட் நிறுவனம்

டீன் ஐடில்ஸ் 1980இன் இறுதியில் கலைந்தது. நிகழ்ச்சிகளில் கிடைத்த பணத்தை அவர்கள் பங்கு பிரிக்காமல் பொதுவில் சேர்த்து வைத்திருந்தனர். கலைந்த பிறகும் அதைப் பிரித்துக்கொள்ளாமல், பதிவுசெய்திருந்த எட்டுப் பாடல்களை இசைத்தட்டாக வெளியிடச் செலவிட்டனர். அதற்காகவே டிஸ்கார்ட் ரெக்கார்ட்ஸ் தொடங்கப்பட்டது. மெக்கேயும் டிரம்ஸ் கலைஞர் ஜெஃப் நெல்சனும் அதை முன்னின்று நடத்தினர்.

முதல் தட்டு 1,000 பிரதிகள் அச்சானது. உறையை எப்படிச் செய்வது என்று தெரியாததால் இங்கிலாந்தில் வெளியான இசைத்தட்டின் உறை ஒன்றைப் பிரித்துப் பார்த்து அதன் அமைப்பைக் கற்றுக்கொண்டனர். அச்சான தாள்களை நண்பர்கள் கூடி உட்கார்ந்து வெட்டி, மடித்து, பசை ஒட்டினர். தட்டு விற்ற பணம் நண்பர்களின் அடுத்த குழுக்களுக்குப் பயன்பட்டது. இரண்டாவதாக வந்த எஸ்.ஓ.ஏ. குழுவின் தட்டுக்கு அதன் பாடகர் ஹென்றி ரோலின்ஸ் தானே பணம் கொடுத்தார். மெக்கேயின் சிறுவயது நண்பரான அவர் அப்போது ஐஸ்கிரீம் கடையில் வேலை பார்த்தார். பின்னர் கலிஃபோர்னியாவின் பிளாக் ஃப்ளாக் குழுவில் சேர்ந்து உலகம் அறிந்த பாடகரானார்.

1982இல் வெளியான 'ஃப்ளெக்ஸ் யுவர் ஹெட்' தொகுப்பு 11 குழுக்களின் 32 பாடல்களைக் கொண்டது. அவற்றில் சில குழுக்கள் தொகுப்பு வரும் முன்பே கலைந்துவிட்டன. விற்பனைக் கணக்கின்படி அவை தேவையற்றவை. ஊரில் யாரெல்லாம் இருந்தார்கள் என்பதைப் பதிவு செய்யும் நோக்கத்தில் அவை தவிர்க்க முடியாதவை.

டிஸ்கார்டின் நடைமுறைகள் எளிமையானவை:

1. வாஷிங்டன் வட்டாரக் குழுக்களின் பாடல்கள் மட்டுமே வெளியிடப்படும்.
2. எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் கிடையாது. செலவு போக மிஞ்சும் லாபம் குழுவுடன் பகிர்ந்துகொள்ளப்படும்.
3. விலை முடிந்தவரை குறைவாக வைக்கப்படும்.

பல பாடல்கள் ஆர்லிங்டனில் டான் ஜியென்டாரா தன் வீட்டு நிலவறையில் நடத்திய இன்னர் இயர் ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிவாயின. அதே ஆர்லிங்டனில் 1981இல் நண்பர்கள் வாடகைக்கு எடுத்த வீடு டிஸ்கார்ட் இல்லம் எனப்பட்டது. நிறுவனத்தின் அலுவலகம், பயிற்சிக் கூடம், தங்குமிடம் எல்லாம் அதுவே.

ஒரு நிகழ்ச்சி நடந்த விதம்

கிளப்பில் இடம் கிடைக்காதபோது தேவாலயக் கூடங்களும் சமூக மையங்களும் கைகொடுத்தன. அங்கே மது விற்பனை இல்லை. எனவே வாசலில் வசூலாகும் பணமே முழு வருமானம். அரங்கு வாடகை, ஒலிபெருக்கிச் சாதனங்கள், வெளியூர்க் குழுவின் பயணச் செலவு ஆகிய அனைத்தும் அதிலிருந்துதான் வர வேண்டும்.

டிக்கெட் விலையை உயர்த்தினால் மாணவர்கள் வர மாட்டார்கள். ஆகவே செலவைக் குறைப்பதே வழி. நகலெடுத்த நோட்டீசுகளைத் தெருவில் ஒட்டுவது, கருவிகளைச் சுமப்பது, வாசலில் நிற்பது, நிகழ்ச்சி முடிந்ததும் கூடத்தைப் பெருக்குவது எல்லாவற்றையும் நண்பர்கள் கூலியில்லாமல் செய்தனர். கூடம் சேதமானால் அடுத்த முறை அது கிடைக்காது. இசைக்காதவர்களும் இந்த வட்டத்தின் உறுப்பினர்களாக இருந்தது இப்படித்தான். சிலர் புகைப்படம் எடுத்தனர், சிலர் நகலெடுத்து விற்கும் சிற்றிதழ் நடத்தினர், சிலர் வெளியூர்க் குழுக்களுக்குத் தங்க இடமும் உணவும் கொடுத்தனர்.

கூட்டம் பெருகியதும் வந்த சிக்கல்

1983, 1984 ஆண்டுகளில் வட்டம் பெரிதானது. முன்பு அரங்கில் இருந்த அனைவருக்கும் ஒருவரையொருவர் தெரியும். ஆட்டத்தில் கீழே விழுந்தவரைத் தூக்கிவிடுவது நட்பின் இயல்பு. அறிமுகமில்லாத கூட்டம் வந்தபோது அந்த இயல்பு மறைந்தது. செய்திகளில் பங்க் என்றால் அடிதடி என்று படித்து, அடிதடிக்காகவே வந்தவர்களும் இருந்தனர். மேடைக்கு முன்னால் நடந்த மோதலால் பெண்களும் வயதில் சிறியவர்களும் ஓரத்துக்குத் தள்ளப்பட்டனர். பழைய நண்பர்கள் பலர் வருவதை நிறுத்தினர்.

மைனர் த்ரெட் குழுவின் கடைசி நிகழ்ச்சி 1983 செப்டம்பர் 23 அன்று நடந்தது. வாஷிங்டனின் கறுப்பின மக்களிடையே பிறந்த கோ-கோ இசையின் முக்கியக் குழுவான ட்ரபிள் ஃபங்க் அதே மேடையில் இசைத்தது. ஒரே நகரில் தனித்தனியாக வாழ்ந்த இரு இசை வட்டங்களை ஒன்றாக நிறுத்தும் முயற்சி அது.

1985: மீண்டும் கூடியவர்கள்

விலகியவர்கள் புதிய குழுக்களுடன் திரும்பிவர முடிவு செய்தனர். நண்பர்களை உசுப்ப ஏமி பிக்கரிங் தான் வேலை பார்த்த அலுவலகத்திலிருந்து பெயரில்லாக் கடிதங்களை அனுப்பினார். 1985ஆம் ஆண்டுக் கோடைக்குப் 'புரட்சிக் கோடை' என்ற பெயர் அவற்றிலிருந்து வந்தது. ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங், எம்பிரேஸ், பீஃப்ஈட்டர் முதலிய குழுக்கள் அடிதடிக்கு ஏற்ற வேகத்தை விட்டு, மனவுணர்ச்சிகளை வெளிப்படையாகப் பாடின. அதே கோடையில் தென்னாப்பிரிக்கத் தூதரகத்தின் முன் நிறவெறிக்கு எதிராக டிரம்ஸ் கொட்டிப் போராட்டமும் நடந்தது.

அதே ஆண்டு மார்க் ஆண்டர்சன் முதலியோர் பாசிட்டிவ் ஃபோர்ஸ் அமைப்பைத் தொடங்கினர். இது நிகழ்ச்சிகளை நடத்தி, வசூலை இலவச மருத்துவமனை, வீடற்றோர் உதவி போன்ற பணிகளுக்குக் கொடுத்தது. உள்ளுக்குள் மட்டும் பார்த்த நண்பர் குழு தன் நகரத்தைப் பார்க்கத் தொடங்கிய கட்டம் இது.

ஃபுகாசியும் ஐந்து டாலரும்

இயன் மெக்கே, ஜோ லாலி, பிரெண்டன் கான்டி, கய் பிச்சியோட்டோ ஆகியோர் அடங்கிய ஃபுகாசி குழு இந்த நடைமுறைகளை உலகெங்கும் கொண்டுசென்றது. அதன் முதல் நிகழ்ச்சி 1987 செப்டம்பர் 3 அன்று வாஷிங்டனின் வில்சன் சென்டரில் நடந்தது. டிக்கெட் விலை பெரும்பாலும் 5 டாலர். எல்லா வயதினருக்கும் அனுமதி உண்டு. சொந்த ஊரில் நடத்தியவை பெரும்பாலும் நிதி திரட்டும் நிகழ்ச்சிகள் அல்லது ஃபோர்ட் ரெனோ பூங்கா போன்ற இடங்களில் இலவச நிகழ்ச்சிகள். வளைகுடாப் போர் தொடங்கவிருந்த 1991 ஜனவரியில் வெள்ளை மாளிகைக்கு எதிரே உள்ள லஃபாயெட் பூங்காவில் இக்குழு இசைத்தது.

அரங்கில் யாராவது பிறரைத் தாக்கினால் இசையை நிறுத்தி, பேசிப் பார்ப்பார்கள். கேட்காவிட்டால் 5 டாலரை உறையில் போட்டுத் திருப்பிக் கொடுத்து வெளியே அனுப்புவார்கள். பரஸ்பர அறிமுகம் இல்லாத ஆயிரம் பேர் கூடும் இடத்தில் நட்பு தானாக வராது. சிறிய அரங்கில் நண்பர்கள் இயல்பாகச் செய்ததைப் பெரிய அரங்கில் ஒரு விதியாகச் சொல்ல வேண்டியிருந்தது.

பெண்களும் இனவேறுபாடும்

இந்த வட்டம் அனைவரையும் சமமாக ஏற்றது என்று சொல்ல முடியாது. முன்னோடிகளான பேட் பிரெயின்ஸ் கறுப்பினத்தவர்கள். ஆயினும் பின்னர் வந்த குழுக்களில் பெரும்பாலோர் வெள்ளையர்கள். பெண்கள் நிகழ்ச்சி ஏற்பாடு, புகைப்படம், இதழ்ப்பணி என உழைத்தனர். மேடையில் குறைவாகவே தெரிந்தனர். 1981இல் உருவான சாக் சர்க்கிள், பின்னர் ஏமி பிக்கரிங் பாடிய ஃபயர் பார்ட்டி ஆகியவை பெண்கள் மட்டுமே இடம்பெற்ற குழுக்கள். 1991ஆம் ஆண்டுக் கோடையில் பாசிட்டிவ் ஃபோர்ஸ் இல்லத்தில் பெண்கள் மட்டும் கூடிப் பேசிய கூட்டங்கள் ரயட் கெர்ல் இயக்கத்தின் தொடக்கங்களில் ஒன்று. பிகினி கில், பிராட்மொபைல் குழுவினர் இதில் பங்குகொண்டனர். அரங்கின் முன்வரிசை பெண்களுக்கும் உரியது என்பது அவர்களின் கோரிக்கைகளுள் ஒன்று. வட்டத்தை விட்டு விலகாமல், வட்டத்தின் கருவிகளான சிற்றிதழையும் கூட்டத்தையும் கொண்டே அவர்கள் அதைக் கேள்வி கேட்டனர்.

ஆவணங்கள்

1988இல் சிந்தியா கானலி, லெஸ்லி கிளேக், ஷாரன் செஸ்லோ ஆகிய மூன்று பெண்கள் தொகுத்த 'பேண்ட் இன் டி.சி.' நூல் புகைப்படங்களாலும் நினைவுக் குறிப்புகளாலும் ஆனது. மார்க் ஆண்டர்சனும் மார்க் ஜென்கின்ஸும் எழுதிய 'டான்ஸ் ஆஃப் டேஸ்' 2001இல் வந்தது. 2014இல் வாஷிங்டன் பொது நூலகம் பங்க் ஆவணக் காப்பகத்தைத் தொடங்கி நோட்டீசு, சிற்றிதழ், ஒலிப்பதிவுகளைச் சேகரிக்கிறது. ஃபுகாசி 2002க்குப் பிறகு மேடையேறவில்லை. ஆயிரத்துக்கு மேற்பட்ட அதன் நிகழ்ச்சிகளில் 800க்கும் அதிகமானவற்றை ஒலிப்பதிவாளர்கள் பதிவு செய்து வைத்திருந்தனர். அந்தப் பதிவுகள் 2011 முதல் இணையத்தில் வெளியிடப்பட்டன. ஒரு நிகழ்ச்சிக்குப் பரிந்துரைக்கப்பட்ட விலை 5 டாலர்.